வெட்டி எறியும் விளிம்பையும் எடை போடுங்கள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடத்தில் கண்ணாடியிழை எப்பாக்சிப் பொருளோடு வேலை செய்யும் பொறியாளர்களுக்கும் ஆலை மேலாளர்களுக்கும்,

உங்களிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்கவே இந்த மடல். உங்கள் கூடங்களில் மோல்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு காற்றாலை இறக்கையையும் எவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிறீர்கள்! இழை அடுக்குகளுக்கிடையில் காற்றுக்குமிழ் தங்கியிருக்கிறதா, ரெசின் முழுதாக இறுகியதா, இரண்டு ஓடுகளையும் ஒட்டிய பசைக்கோடு எங்கும் விட்டுப்போகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்க்கிறீர்கள். ஒரு ரோல் கண்ணாடித் துணி எந்தத் தேதியில் எந்தச் சரக்கில் வந்தது என்பதுகூட உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அதே இறக்கையின் விளிம்பிலிருந்து வெட்டி எறிந்த துண்டு ஆலை வாயிலைத் தாண்டி எங்கே போகிறது என்று கேட்டால், “ஸ்கிராப் காண்ட்ராக்டர் எடுத்துப்போகிறார்” என்பதோடு பெரும்பாலும் பதில் முடிந்துவிடுகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த இறக்கையே தரையில் இறக்கப்படும்போது என்ன ஆகும் என்று கேட்டால் அந்த அளவுக்குக்கூடப் பதில் இல்லை. பிறப்புக்கு இத்தனை ஆவணம் வைத்திருக்கும் நீங்கள் முடிவுக்கு ஒரு தாள்கூட வைக்காதது ஏன்?

இந்தப் பொருளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எஃகின் எடையில் நாலில் ஒரு பங்கே உள்ள பொருள் இது. இழைகளை ஒரே திசையில் அடுக்கி, பாதிக்கு மேல் கண்ணாடியாக இருக்கும்படி ரெசினை இழுத்துச் செய்தால், அந்தத் திசையில் அதன் இழுவலிமை சாதாரணக் கட்டுமான எஃகைவிட இருமடங்குக்கும் மேல் வரும். விறைப்பில் எஃகுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் என்பது உண்மை. அந்தக் குறையை வடிவத்தாலும், நடுவில் பால்சா மரமோ நுரைப்பலகையோ வைத்த சாண்ட்விச் அமைப்பாலும் நீங்கள் ஈடுகட்டுகிறீர்கள். அறுபது, எழுபது மீட்டர் நீளத்தில், ஆயுள் முழுவதும் கோடிக்கணக்கான தடவை வளைந்து நிமிரும் ஓர் உறுப்பை இந்த விலையில் வேறெந்தப் பொருளில் செய்வீர்கள்? எஃகில் செய்தால் தன் எடையாலேயே திணறும். மரத்தில் செய்தால் அந்த நீளத்துக்குச் சீரான தரம் கிடைக்காது. கண்ணாடியிழை எப்பாக்சியோ கடற்காற்றில் துருப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, பெரும்பாலான வேதிப்பொருள்களுக்கு அசையாது. அதனால்தான் இந்த வழித்தடத்தின் இன்னொரு தொழிலான மின்னணுவியலும் இதன்மேலேயே நிற்கிறது. பச்சை நிறத்தில் எல்லோரும் பார்க்கும் எஃப்ஆர்-4 சர்க்யூட் பலகை நெய்த கண்ணாடித் துணியும் எப்பாக்சியும்தான். சாலிடர் அலை வழியாகப் போர்டைத் தாங்கிச் செல்லும் தட்டும், ஸ்விட்ச்கியரில் மின்கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் தகடும் இதே குடும்பம். இதைக் கைவிடச் சொல்பவர் பொறியியலும் அறியார், காற்றாலையின் தேவையும் அறியார்.

ஆனால் நீங்கள் விற்கும் அந்தக் குணங்களே இதன் சிக்கலும். எப்பாக்சியும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும்போது மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகின்றன. சுட்ட செங்கலை மறுபடி களிமண்ணாகப் பிசைய முடியாததுபோல, இறுகிய எப்பாக்சியைச் சூடாக்கி உருக்க முடியாது. பாலித்தீனை உருக்கி வேறொன்று வார்க்கலாம். எஃகையும் அலுமினியத்தையும் எத்தனை தடவையும் உலையில் போடலாம். இதைச் சூடாக்கினால் ரெசின் கருகிப்போகும், கண்ணாடியிழை மிஞ்சும். அந்த இழையும் முழுதாகத் தேறுவதில்லை. ரெசினை எரித்து விலக்க 450 முதல் 600 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் கண்ணாடியிழை தன் வலிமையில் பாதியையோ அதற்கும் மேலோ இழந்துவிடுகிறது. கார்பன் இழை விலை உயர்ந்தது, அதனால் மீட்டெடுக்கும் செலவு கட்டுப்படியாகிறது. புதுக் கண்ணாடியிழையோ மலிவு. பலம் குறைந்த பழைய இழையைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. இரும்புத் தூளுக்கும் செம்புக் கம்பிக்கும் உங்கள் வாயிலில் போட்டி போட்டு விலை சொல்லும் அதே ஸ்கிராப் வியாபாரி, ஃபைபர் துண்டைக் கண்டால் எடுத்துச் செல்லக் கூலி கேட்பதற்குக் காரணம் இதுதான்.

விலை இல்லாத கழிவுக்கு இயல்பான பாதை ஒன்று உண்டு: மிகக் குறைந்த செலவில் கண்ணுக்கு எட்டாத இடம். யாரையும் சுட்டிக்காட்டி இதைச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் தள்ளுகிறது. நீங்கள் இருக்கும் நிலமோ ஏரிகளின் நிலம். காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். சென்னை குடிக்கும் தண்ணீரின் ஒரு பகுதி இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கத்தில் தேங்கி நிற்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பேட்டை மனைகளை ஒட்டியே கால்வாயும் கலங்கலும் ஓடுகின்றன. “முழுதாக இறுகிய எப்பாக்சி நஞ்சில்லையே, கிடந்தால் என்ன” என்று உங்களில் சிலர் கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. நன்றாக இறுகிய துண்டிலிருந்து கசிவது மிகக் குறைவு, ஆகவே அதை விஷம் என்று பூச்சாண்டி காட்டுவது நியாயமில்லை. ஆனால் கூடத்திலிருந்து வெளியே போவது இறுகிய துண்டு மட்டுமா? வாளியில் மிஞ்சிய ரெசின், ரெசின் பாதி இறுகிய குழாய், ரெசின் ஊறிய பீல் ப்ளை, ஓட்டவலை, வாக்யூம் பை எல்லாம் ஒரே தொட்டியில் விழுகின்றன. இறுகாத எப்பாக்சியும் அமீன் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ஒருமுறை பற்றிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கச் சிறு அளவு பட்டாலும் தடித்துச் சிவக்கும். அந்தத் தொட்டியைக் கிளறிப் பிரிப்பவர் கையுறை போட்டிருப்பார் என்பதற்கு என்ன உறுதி? திறந்தவெளியில் யாராவது தீ வைத்தால் எழும் புகை என்ன புகை? நஞ்சில்லை என்ற வாதம் ஒழுங்காக இறுக்கி, ஒழுங்காகப் பிரித்துவைத்தவருக்கே பொருந்தும்.

“எங்கள் கழிவு எவ்வளவு? தெற்கே நிற்கும் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைப் பாருங்கள்” என்பது அடுத்த மறுப்பு. அங்கே பார்ப்போம். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய பயணம் முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று பரவி, தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் நட்ட சிறிய எந்திரங்கள் ஆயுளை முடித்துவிட்டன. பழையவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் மாநில அரசு 2024இல் ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அந்த இறக்கைகள் இறங்கத்தான் போகின்றன. அவற்றில் எது எப்பாக்சி, எது பாலியெஸ்டர், நடுவில் இருப்பது பால்சாவா பிவிசி நுரையா என்று சொல்ல ஆவணம் பெரும்பாலும் இல்லை. செய்த நிறுவனங்களில் பல இன்று தொழிலிலேயே இல்லை. 2050க்குள் உலகம் முழுவதும் நாலு கோடியே முப்பது லட்சம் டன் இறக்கைக் கழிவு சேரும் என்று 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் இறங்கும் இறக்கைகள் மட்டும் இல்லை, ஆலையில் செய்யும்போதே விழும் கழிவும் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான் உங்களிடம் வருவதற்குக் காரணம் இதுதான். கயத்தாற்றில் கிடக்கும் பழைய இறக்கை எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் தொட்டியில் இன்று காலை விழுந்த விளிம்பு எதனால் ஆனது என்று உங்களுக்குக் கிராம் கணக்கில் தெரியும். அதில் மண் ஒட்டவில்லை, பெயின்ட் ஏறவில்லை, வெயிலில் வெளுக்கவில்லை. தினமும் ஒரே இடத்தில் சேர்கிறது. கண்ணாடியிழை எப்பாக்சிக் கழிவுகளிலேயே கையாள மிக எளிதானது உங்களுடையதுதான். இதற்கு வழி காணாத மாநிலம், முப்பந்தலிலிருந்து லாரி வரும்போது எந்த அனுபவத்தை வைத்து அதை எதிர்கொள்ளும்?

வழி இருக்கிறது, அதுவும் புதிதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இலேயே எஃப்ஆர்பி (இழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக்) உள்ளிட்ட, இறுகியபின் உருகாத தெர்மோசெட் பிளாஸ்டிக் கழிவுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, சிமென்ட் சூளையில் சேர்த்து எரிப்பதை முதன்மையான வழியாகக் காட்டியது. வட ஜெர்மனியில் லேகர்டோர்ஃப் சிமென்ட் ஆலை பதினைந்து ஆண்டாக இறக்கைத் துண்டுகளை உள்ளே வாங்குகிறது. அங்கே ரெசின் எரிபொருளாகிறது. கண்ணாடியில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் அலுமினாவும் கிளிங்கரிலேயே கலந்துவிடுகின்றன. புதைக்கச் சாம்பல் மிஞ்சுவதில்லை. நமக்கு அரியலூர் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் படுகையும் அதைச் சுற்றிச் சூளைகளும் உங்களிடமிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சூளைக்காரர் எதையும் வாங்கிப் போட்டுவிட மாட்டார், போடவும் கூடாது. துண்டுகள் சில அங்குலத்துக்குள் நறுக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடியிழையில் உள்ள போரான் அளவு மீறினால் சிமென்ட் இறுகுவது தாமதமாகும், எனவே எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பிவிசி நுரை கலந்தால் குளோரின் வரும். கார்பன் இழை கலந்தால், அது மின்சாரம் கடத்துவதால், புகையில் தூசி பிடிக்கும் மின்வடிகட்டிகளைக் குழப்பும். இவை எல்லாவற்றையும் வாயிலிலேயே தீர்மானிக்கக்கூடியவர் யார்? எந்தத் துண்டு எந்த மோல்டிலிருந்து வந்தது என்று அறிந்த நீங்கள்தான். கலந்து கொட்டிவிட்டால் அரியலூரில் எந்த ஆய்வகமும் அதைத் திரும்பப் பிரித்துத் தராது.

“செலவு” என்பீர்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு எரியாத கண்ணாடி. வெப்பமதிப்பு நிலக்கரியோடு போட்டி போடாது. இழை நறுக்கும் எந்திரத்தின் கத்தியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். ஓர் ஆலையின் கழிவு ஒரு லாரியை நிரப்ப நாளாகும். எல்லாம் சரியே. இந்தச் செலவு தனித்தனியாகச் செய்தால்தான் இப்படிக் கனக்கிறது. இறக்கை செய்பவரும், ஜி-10 என்ற கண்ணாடியிழை எப்பாக்சித் தகடு வெட்டி ஜிக் செய்பவரும், வாகன உறுப்பு வார்ப்பவரும் ஒரே சாலையில் இருக்கிறீர்கள். உலகில் பல இடங்களில் இந்தத் தொழில்கள் நூறு நூறு கிலோமீட்டர் தள்ளிச் சிதறிக் கிடக்கின்றன. உங்களுக்கு நெருக்கம் இருக்கிறது. அதைச் சரக்கு வாங்கவும் ஆள் எடுக்கவும் பயன்படுத்துகிறீர்கள், கழிவுக்கு மட்டும் ஏன் பயன்படுத்தவில்லை? தோல் தொழிலுக்கும் சாயத் தொழிலுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிய மாநிலம் இது. அவர்களில் பலர் கட்டியது நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகு என்பதையும், அதற்குள் பாலாறும் நொய்யலும் பட்ட பாட்டையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. வருவதற்கு முன் செய்வது மலிவு.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: சூளையில் எரிப்பது மறுசுழற்சியாகுமா? ஆகாது என்றே நானும் சொல்வேன். இழையாக இருந்த கண்ணாடி மறுபடி இழையாவதில்லை. ஆனால் மெய்யான மறுசுழற்சி வந்துகொண்டிருக்கிறது, அதற்கான வேர்களில் ஒன்று இந்தியக் கையில் இருக்கிறது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் ‘ரிசைக்ளமின்’ ஹார்டனரால் இறுகிய எப்பாக்சியை மிதமான சூட்டில் வீரியம் குறைந்த அமிலத்தில் கரைத்து, இழையை முழுதாக வெளியே எடுக்கலாம். சீமன்ஸ் கமேசா 2021இல் அறிவித்த மறுசுழற்சி இறக்கையில் அந்த வேதியியல் பயன்பட்டது. 2023இல் வெஸ்டாஸ் நிறுவனம், ஆர்ஹஸ் பல்கலைக்கழகம் முதலானோருடன் சேர்ந்து, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சாதாரண எப்பாக்சி இறக்கைகளையும் வேதிமுறையில் பிரிக்க முடியும் என்று அறிவித்தது. இவை பரவலாகவும் மலிவாகவும் வரச் சில ஆண்டுகளாகும். அவை வரும் நாளில் யாருக்குப் பயன்படும்? எந்த இறக்கையில் எந்த ஹார்டனர் என்று எழுதிவைத்தவருக்கு. கரைக்கக்கூடிய எப்பாக்சியில் செய்த இறக்கையும் கரையாததில் செய்த இறக்கையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே சூளைக்கோ குழிக்கோ போகும்.

“செய்முறை எங்களுடையது இல்லை, வாங்குபவருடையது, அது வணிக ரகசியம்” என்பதையும் கேட்டாயிற்று. ரெசினை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இழுக்கிறீர்கள், துணியை எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள் என்பது ரகசியம்தான். அதை யாரும் கேட்கவில்லை. ரெசின் எந்தக் குடும்பம், ஹார்டனர் எந்த வகை, கண்ணாடி எத்தனை சதவீதம், நடுப்பொருள் என்ன, கார்பன் எந்தப் பகுதியில், புரோமினோ குளோரினோ உண்டா – முடிவுக்கு வேண்டியது இவ்வளவே. வாங்குபவர்களில் பெரியவர்கள் தங்கள் நாட்டில் ஏற்கெனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் ஃபின்லாந்தும் இறக்கைகளைப் புதைப்பதற்குத் தடை போட்டுவிட்டன. 2040க்குள் கழிவே இல்லாத காற்றாலை என்று வெஸ்டாஸ் உறுதி சொல்லியிருக்கிறது. அங்கே சொன்ன சொல்லை ஒரகடத்தில் விழும் விளிம்புக்கும் சேர்த்துக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஒப்பந்தம் பேசும் மேசையில் விலையும் கெடுவும் பேசும்போது இதையும் பேசுங்கள்.

மின்னணுக் கூடங்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை சற்று வேறு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் உங்கள் பொருளைத் தொடுகின்றன. சூரியத்தகடுகூட அந்த விதிகளுக்குள் வந்துவிட்டது. காற்றாலை இறக்கை வரவில்லை. ஆனால் அங்கே மறுசுழற்சிச் சான்று தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற கணக்கில்தான் ஓடுகிறது. வெற்றுப் பலகையின் எடையில் பாதிக்கும் மேலாக இருக்கும் கண்ணாடியும் எப்பாக்சியும் அந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. அதோடு தீப்பற்றாமலிருக்க எஃப்ஆர்-4 எப்பாக்சியில் பொதுவாகப் புரோமின் பிணைத்திருக்கிறது. அதை இறக்கைத் துண்டோடு கலந்து சூளைக்கு அனுப்புவது தவறு, திறந்தவெளியில் எரிப்பது அதைவிடப் பெரிய தவறு. பேனலிலிருந்து போர்டைப் பிரிக்கும் ரூட்டர் உறிஞ்சிச் சேர்க்கும் மெல்லிய தூளும், ஒடித்துப் போடும் விளிம்புச் சட்டமும் உங்கள் கூடத்தில் தினமும் விழுகின்றன. அவற்றை வேறு குப்பையோடு சேர்க்காமல் தனிப் பையில் மூடிவைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வரும் ஏப்ரல் முதல் உங்கள் ஒவ்வொரு கூடத்திலும் கண்ணாடியிழை எப்பாக்சிக் கழிவை, இறுகியது, இறுகாதது, ரெசின் படாத காய்ந்த துணி என்று பிரித்து எடை போட்டு, மாதக் கணக்கை நான்கு பேர் பார்க்க வெளியிடுங்கள். மிஞ்சிய ரெசினை வாளியில் மொத்தமாக விட்டுச் சூடேறிப் புகைய விடாமல், மெல்லியதாகப் பரப்பி இறுக்கிய பிறகே தொட்டிக்கு அனுப்புங்கள். இறுகாத மிச்சம் ஆபத்தான கழிவு விதிகளின்படி கும்மிடிப்பூண்டியிலுள்ள நிலையத்துக்கே போகட்டும். வெளியே போகும் ஒவ்வொரு இறக்கையின் அடிப்பகுதியிலும், உலோகத் தகட்டில், ரெசின், ஹார்டனர், கண்ணாடி, நடுப்பொருள், கார்பன் என்று மேலே சொன்ன விவரங்களைப் பொறியுங்கள். இருபத்தைந்து ஆண்டு வெயிலுக்கு ஸ்டிக்கர் நிற்காது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. இரண்டையும் அழைத்து, அரியலூர்ச் சூளைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த அளவில் நறுக்கினால், எவ்வளவு போரான், எவ்வளவு குளோரின்வரை வாங்கிக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த எழுத்தையும் ஓராண்டு எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு சிப்காட்டிடம் போய், பொது நறுக்கு நிலையத்துக்கு ஒரு மனையைக் கேளுங்கள். நறுக்கும் தூசி வெளியே வராத மூடிய கூடமாக, வேலையாட்களுக்குச் சரியான முகக்கவசத்தோடும் கையுறையோடும் அது கட்டப்பட வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள். கையெழுத்துப் போட உங்களில் மூன்று ஆலைகள் முன்வந்தால் போதும். முதல் கூட்டத்துக்கான அழைப்பை இந்த மாதத்துக்குள் உங்களில் ஒருவர் அனுப்புங்கள்.